ஜேம்ஸ் ஃபாரடே: ஒரு கொல்லரும் அவர் குடும்பமும்

மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'ஏழைக் கொல்லரின் மகன்' என்ற சொற்களோடு அவருடைய தந்தையைக் கடந்துபோய்விடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியிலேயே சிறுவன் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். கொல்லரின் பெயரைக்கூடப் பலர் குறிப்பிடுவதில்லை. மகனின் உயரத்தை எடுத்துக்காட்டப் பயன்படும் ஒரு பள்ளமாக மட்டுமே தந்தை நின்றுவிடுவது சரியன்று என்று நான் கருதுகிறேன். ஜேம்ஸ் ஃபாரடே என்ற அந்தத் தொழிலாளி வாழ்ந்த 49 ஆண்டுகளையும், அவர் கட்டிக்காத்த குடும்பத்தையும், அக்குடும்பத்தைத் தாங்கிய உறவுகளையும் சற்று நின்று பார்த்தால், மகனுடைய வாழ்வில் தற்செயலாகத் தோன்றும் பல திருப்பங்கள் தற்செயல் அல்ல என்பது விளங்கும்.

ஜேம்ஸ் 1761ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய ஊர் இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்‌ஷயரில், இங்கிள்பரோ மலையின் அடிவாரத்தில் உள்ள கிளாபம். இதே பெயருடைய லண்டன் பகுதி ஒன்று இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ராபர்ட் ஃபாரடே, எலிசபெத் டீன் ஆகியோருக்குப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் அவர் ஒருவர். பங்கு போட்டு வாழப் போதுமான நிலமில்லாத ஒரு மலையடிவாரக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு தொழிலைக் கற்றுக்கொண்டு பிழைப்பதே வழி. அந்த வகையில் ஜேம்ஸுக்கு வாய்த்தது கொல்லுலை.

அன்றைய கிராமத்தில் கொல்லர் செய்யாத வேலை குறைவு. குதிரைக்கு லாடம் அடிப்பது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது, கலப்பைக் கொழுவைத் தீட்டுவது, கதவுக்குக் கீலும் தாழும் செய்வது, ஆணி அடிப்பது என எல்லாம் ஒரே உலைக்களத்தில் நடந்தன. இரும்பு பழுத்துவரும் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டை மதிப்பிட வேண்டும். செந்நிறத்தில் அடிக்க வேண்டியதை வெண்ணிறத்தில் அடித்தால் பொருள் கெடும், இரண்டு துண்டுகளை ஒன்றாக இணைக்க வேண்டுமானால் வெண்சூடு வரும்வரை துருத்தியை விடக் கூடாது. எழுத்தில் இல்லாத இந்த அறிவைப் பல ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் நின்று, கண்ணாலும் கையாலும்தான் பெற முடியும். அதைப் பெற்றவரைக் கூலியாள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் தம் தொழிலில் தேர்ந்தவர். ஆனால் அந்தத் தேர்ச்சியைத் தவிர அவர் கையில் வேறு முதல் கிடையாது.

1786ஆம் ஆண்டு ஜூன் மாதம், வெஸ்ட்மர்லாந்துப் பகுதியின் கிர்க்பி ஸ்டீவனில், மார்கரெட் ஹாஸ்ட்வெல் என்ற உழவர் குடும்பத்துப் பெண்ணை ஜேம்ஸ் மணந்தார். அருகிலிருந்த அவுத்கில் என்ற சிற்றூரில் இருவரும் குடியமர்ந்தார்கள். அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. மூத்த மகள் எலிசபெத் 1787இலும், மகன் ராபர்ட் 1788இலும் அங்கேதான் பிறந்தார்கள். பிறகு, 1791ஆம் ஆண்டையொட்டி, குடும்பம் முழுவதும் லண்டனை நோக்கிப் புறப்பட்டது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள நியூயிங்டன் பட்ஸில் 1791 செப்டம்பர் 22 அன்று மைக்கேல் பிறந்தார். கைக்குழந்தையோடு தலைநகரில் வேரூன்ற முயன்ற அக்குடும்பம், 1796 வாக்கில் ஆற்றின் வடபக்கத்துக்கு மாறி, மான்செஸ்டர் சதுக்கத்துக்கு அருகில் ஜேக்கப்ஸ் வெல் மியூஸ் என்ற சந்தில், ஒரு வண்டிக் கொட்டிலின் மேல்மாடியில் இருந்த அறைகளில் குடியேறியது. 1802இல் நான்காவது குழந்தை மார்கரெட் பிறந்தாள்.

இந்த முகவரி நமக்குச் சொல்வது நிறைய. மியூஸ் என்பது செல்வர்களின் வீடுகளுக்குப் பின்புறம் அவர்களுடைய குதிரைகளையும் வண்டிகளையும் நிறுத்திவைக்கும் சந்து. முன்புறம் சதுக்கத்தைப் பார்த்த மாளிகைகள், பின்புறம் குதிரைச் சாணத்தின் வாடையோடு கூடிய தொழிலாளர் குடியிருப்பு. குதிரைகள் இருக்கும் இடத்தில் கொல்லருக்கு வேலை இருக்கும் என்பது வெளிப்படை. ஆயினும் இரும்புச் சாமான் வணிகரான ஜேம்ஸ் பாய்ட் என்பவரின் வெல்பெக் தெருப் பட்டறையில்தான் ஜேம்ஸ் வேலை பார்த்தார். ஊரில் சொந்த உலையின் முன் நின்றவர், நகரத்தில் இன்னொருவர் உலையில் கூலிக்கு நின்றார். தலைநகருக்குப் பெயர்ந்த பல கைவினைஞர்களுக்கு நேர்ந்த மாற்றம் இதுவே. வேலையின் அளவு கூடியிருக்கலாம். ஆனால் நேரத்தின் மீதும் விலையின் மீதும் இருந்த பிடி அவர்கள் கையிலிருந்து போய்விட்டது.

பாய்டிடம் ஜேம்ஸுக்கு வேலை கிடைத்ததில் அவர்களுடைய சமயச் சபைக்கும் பங்குண்டு. பாய்டும் ஃபாரடே குடும்பமும் சாண்டமேனியன் என்ற சிறிய கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். ஸ்காட்லாந்தில் ஜான் கிளாஸ் என்பவரால் தொடங்கப்பட்டு, அவருடைய மருமகனான ராபர்ட் சாண்டமேன் வழியாக இங்கிலாந்துக்குப் பரவிய அந்தச் சபை, அரசு சார்ந்த திருச்சபையை ஏற்காதது. செல்வத்தைச் சேர்த்துவைப்பதைத் தவறு என்று கருதியது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடுகளுக்கு நடுவே எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தைக் கடைப்பிடித்தது. உறுப்பினருக்குள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது அங்கே கடமை. திருமணங்கள் பெரும்பாலும் சபைக்குள்ளேயே நடந்தன; வேலையும் வாடிக்கையும் அந்த உறவுகளின் வழியே வந்தன. வடக்கு மலைநாட்டிலிருந்து வந்த ஒரு கொல்லருக்கு முகம் தெரியாத லண்டனில் இந்தச் சபை சொந்த ஊரைப் போல அமைந்தது. ஃபாரடே குடும்பத்தின் வறுமையைப் பற்றி எழுதுவோர் இந்தப் பாதுகாப்பை ஒரு சமயக் குறிப்பாக மட்டும் தள்ளிவைப்பது பெரிய விடுபடல் என்பேன்.

அந்தப் பாதுகாப்பையும் மீறி வறுமை வந்தது. 1793இல் பிரான்சோடு தொடங்கிய போர் நீண்டுகொண்டே போக, 1799, 1800 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது. 1792இல் ஒரு குவார்ட்டர் (அக்காலத் தானிய அளவு) கோதுமையின் சராசரி விலை சுமார் 43 ஷில்லிங். 1801இல் அது சுமார் 119 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கில் பார்த்தால், இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் விற்ற தானியம் ஆறு பவுண்டை நெருங்கியது. அந்த ஆண்டின் சில மாதங்களில் விலை இதையும் தாண்டியது. ரொட்டியே முதன்மை உணவாக இருந்த தொழிலாளர் வீட்டில் இந்த ஏற்றத்துக்கு என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. உயர்த்தித் தரும்படி தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கேட்பதையும் 1799இலும் 1800இலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் குற்றமாக்கியிருந்தன. விலை ஏறியபோது கொல்லருக்குத் திறந்திருந்த வழிகள் இரண்டுதான்: கூடுதலாக உழைப்பது அல்லது குறைவாக உண்பது.

1801இல் குடும்பம் பொது நிவாரணம் பெற்றது என்றும், ஒன்பது வயதுச் சிறுவனான மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டு, அதை வைத்தே அவன் அந்த வாரத்தை ஓட்ட வேண்டியிருந்தது என்றும் அவருடைய தொடக்ககால வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. பின்னர் வந்த எல்லா நூல்களிலும் இந்தச் செய்தி இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதைப் படிக்கும்போது நம் கண் சிறுவன் மீது மட்டுமே படுகிறது. ரொட்டியை எண்ணிக் கொடுத்த தாயின் கையையும், அதற்குக் கூலி ஈட்ட முடியாமற்போன தந்தையின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏனெனில் ஜேம்ஸால் கூடுதலாக உழைக்க இயலவில்லை. அவர் நோயாளி. 1807இல் ஊரிலிருந்த தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், நெடுங்காலமாக ஒரு நாள்கூட உடல்நலத்தோடு இருந்ததில்லை என்று அவர் வருந்துகிறார். முழு நாளும் வேலைக்குப் போகாமல் இருப்பது அரிது என்றாலும், வலியின் காரணமாக ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் சிறிது நேரமாவது வேலையை விட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்கிறார். தன்னிரக்கம் இல்லாத, அளந்து எழுதிய சொற்கள். ஆனால் செய்த நேரத்துக்கே கூலி என்ற ஏற்பாட்டில், நாளின் ஒரு பகுதியை இழப்பது வருமானத்தின் ஒரு பகுதியை இழப்பதே. சம்மட்டி பிடிக்கும் தொழிலில் உடல் தளர்ந்தவருக்கு உட்கார்ந்து செய்யும் மாற்று வேலை எதுவும் இல்லை. திறமைக் குறைவோ சோம்பலோ அக்குடும்பத்தை வறுமையில் தள்ளவில்லை. உடல் ஒன்றையே நம்பிய தொழிலில் உடல் தளர்ந்தது, அதே ஆண்டுகளில் உணவின் விலை மும்மடங்காக நெருங்கியது. இவை இரண்டும் ஒன்றாக வந்தன, அவ்வளவே.

இந்தச் சூழலில் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஜேம்ஸ் எப்படி வகுத்தார் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. மூத்த மகன் ராபர்ட் தந்தையின் தொழிலையே கற்றுக்கொண்டார். இரும்பு வேலை தெரிந்த வீட்டில் அதற்குத் தனிச் செலவு இல்லை. இளையவனுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அக்காலத்தில் ஒரு பையன் வேறொருவரிடம் முறையாகத் தொழில் பயில வேண்டுமானால், பெற்றோர் முதலாளிக்கு முன்பணமாக ஒரு தொகை கொடுப்பது வழக்கம்; நல்ல தொழில் என்றால் தொகையும் பெரிது. எழுத்து மூலமான ஒப்பந்தம், ஏழு ஆண்டுப் பயிற்சி, முதலாளியின் வீட்டிலேயே உணவும் உறைவிடமும் என்ற இந்த அமைப்புக்கு 1563ஆம் ஆண்டின் சட்டம் அடித்தளமாக இருந்தது. 1814இல்தான் அதன் பயிற்சி தொடர்பான விதிகள் நீக்கப்பட்டன. முன்பணம் கட்ட முடியாத குடும்பத்துப் பையன்களுக்கு நல்ல தொழில்களின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

வீட்டுக்கு மிக அருகில், பிளாண்ட்ஃபோர்ட் தெருவில், ஜார்ஜ் ரீபோ என்பவர் புத்தகக் கடையும் நூல் கட்டும் பட்டறையும் வைத்திருந்தார். 1804இல் மைக்கேல் அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வாடகைக்கு விடப்பட்ட செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப வாங்கிவருவதும் அவருடைய வேலை. ஓராண்டுக்குப் பின், 1805 அக்டோபர் 7 அன்று, ஏழு ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில், சிறுவனின் உண்மையான உழைப்பை முன்னிட்டு முன்பணம் எதுவும் பெறப்படவில்லை என்று ரீபோ குறித்தார். இந்த ஒரு வரியைத்தான் நான் அந்தக் குடும்ப வரலாற்றின் திருப்புமுனை என்பேன். ஓர் ஆண்டு எடுபிடி உழைப்பு, நோயுற்ற கொல்லரால் கட்டியிருக்கவே முடியாத தொகைக்கு ஈடாக நின்றது. மைக்கேல் புத்தகங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்வதைவிட, வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த ஒரு நல்ல முதலாளியிடம் மகனைச் சேர்த்த பெற்றோரின் தெரிவு என்று சொல்வதே பொருத்தம்.

1809இல் ஜேம்ஸ் எழுதிய இன்னொரு கடிதத்தில் மகனைப் பற்றிய பேச்சு வருகிறது. மைக்கேல் தொழிலைச் சுறுசுறுப்பாகக் கற்கிறான். ஏழு ஆண்டில் நான்கு ஆண்டுகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. முதலாளியும் அவர் மனைவியும் நல்லவர்கள். தொடக்கத்தில் சிறிது காலம் பையனுக்குக் கடினமாக இருந்தது, இப்போது அவனுக்குக் கீழே இரண்டு பையன்கள் வந்துவிட்டதால் தலையை நீருக்கு மேலே தூக்கிவிட்டான் என்று ஊர் உறவினருக்கு அவர் தெரிவிக்கிறார். தொழிலாளியான ஒரு தந்தை மகனைப் பற்றி அறிய விரும்புவது எல்லாம் இதில் இருக்கிறது: வேலை கற்கிறானா, எசமானர் அடிக்காதவரா, எத்தனை ஆண்டு பாக்கி. அந்தக் காலத்துக் கொல்லர்களில் பெரும்பாலோரின் இத்தகைய கடிதங்கள் காணாமற்போய்விட்டன. ஜேம்ஸுடையவை எஞ்சியதற்குக் காரணம் மகனின் புகழ் மட்டுமே. 1801இல் பிரிட்டனில் முதன்முறையாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தலைகளை எண்ணியதே தவிர, பெயர்களைத் தேசியப் பதிவாக வைக்கவில்லை. அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோர் அதில் வெறும் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள்.

அக்குடும்பம் 1809இல் வெய்மத் தெருவுக்கு மாறியது. அடுத்த ஆண்டு, 1810 அக்டோபர் 30 அன்று, ஜேம்ஸ் இறந்தார். மகனின் பயிற்சி முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

தந்தை இறந்த பின் குடும்பம் சிதறவில்லை. அதற்கு முதற்காரணம் தாய் மார்கரெட். வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்து அவர் குடும்பத்தை நடத்தினார். தலைமகன் ராபர்ட் உலையில் ஈட்டினார். அதே 1810இல், ஃப்ளீட் தெருவை அடுத்த டார்செட் தெருவில் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரங்களில் இயற்கை அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்திவந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிற்சி நிலையில் இருந்த மைக்கேலிடம் அந்தக் காசு இல்லை. அதைப் பலமுறை கொடுத்தவர் ராபர்ட். இரும்படித்துச் சம்பாதித்த அந்த ஷில்லிங்குகளைப் பற்றி அறிவியல் வரலாறு ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குப் புத்தகக் கடை வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டு கொடுத்ததைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகிறது. ஆனால் டேட்டத்திடம் கேட்டு, குறிப்பெடுத்து, வரைபடம் வரைந்து பழகியிருக்காவிட்டால் 1812இல் டேவியின் உரைகளைக் குறிப்பெடுத்து, நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பும் ஆற்றல் எங்கிருந்து வந்திருக்கும்? 1813 மார்ச் 1 முதல், டேவி பணியாற்றிய அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்திலும், மேல்மாடியில் இரண்டு அறைகளோடும் அவர் உதவியாளராக அமர்ந்தார். தங்கை மார்கரெட்டின் விடுதிப் பள்ளிச் செலவுக்காக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தம் மதிய உணவைத் தவிர்த்துப் பணம் சேர்த்தார் என்பதும் அக்காலச் செய்தியே. அண்ணன் தமக்குச் செய்ததை அவர் தங்கைக்குச் செய்தார்.

பிற்காலத்தில் அக்குடும்பத்தின் கைத்தொழில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட விதம் வியப்பூட்டுவது. 1812இல் லண்டனில் எரிவாயு வழங்கும் முதல் நிறுவனத்துக்கு அரசின் உரிமைப் பட்டயம் கிடைத்தபின், தெருக்களிலும் வீடுகளிலும் குழாய் பதிக்கவும் விளக்குப் பொருத்தவும் உலோக வேலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ராபர்ட் அந்தப் பக்கம் திரும்பி, எரிவாயு விளக்குத் தொழிலில் நிலைபெற்றார். உலையின் அறிவு அழியாமல் புதிய தொழிலுக்குள் புகுந்தது. கலங்கரை விளக்கங்களில் எண்ணெய் எரியும்போது வெளிவரும் நீராவி கண்ணாடிகளில் படிந்து ஒளியை மறைத்தது. அந்தப் புகையையும் ஆவியையும் தனிக்குழாய் வழியே வெளியேற்றும் அமைப்பை மைக்கேல் உருவாக்கியபோது, அதன் உரிமையைத் தாம் வைத்துக்கொள்ளாமல் அண்ணனுக்கே அளித்தார். ராபர்ட் 1843இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில், அதீனியம் என்ற மன்றத்தின் நூலகத்தில் எரிவாயு விளக்குகளின் புகையால் நூல்களின் தோலட்டைகள் கெட்டுப்போவதை ஆராயவும் மைக்கேல் அழைக்கப்பட்டார். ஒருகாலத்தில் தோலட்டை கட்டிய தம்பியும் விளக்குப் பொருத்திய அண்ணனும் ஒரே சிக்கலின் இரு முனைகளிலிருந்து வந்து சந்தித்த இடம் அது. ராபர்ட் 1846இல் வண்டி விபத்தொன்றில் இறந்தார்.

இரும்பும் மைக்கேலை விட்டு நீங்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து சென்ற, ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த உருக்கு எஃகை 1819இல் அவர் பகுத்தாய்ந்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்யும் கைவினைஞரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சில ஆண்டுகள் உருக்கிப் பார்த்தார். 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்காந்தத் தூண்டலைக் காட்டிய கருவி, ஆறு அங்குல வெளிவிட்டம் உடைய மெல்லிரும்பு வளையம். அதன் தடிப்பு 7/8 அங்குலம் என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இரும்பின் அளவையும் தன்மையையும் முதல் வரியிலேயே குறிக்கும் அந்தப் பழக்கத்தில் பட்டறையில் வளர்ந்த பிள்ளையின் கண்ணை நான் காண்கிறேன். இதை நிறுவ முடியாது. ஆனால் அப்படிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தாய் மார்கரெட் மகனின் உயர்வைக் கண்டு 1838 வரை வாழ்ந்தார். மகனுக்குக் கிடைத்த பட்டங்களைப் பற்றி அவரிடம் அதிகம் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே போதிய பெருமிதத்தோடுதான் இருக்கிறார் என்று மைக்கேல் தம் மனைவி சாராவிடம் கேட்டுக்கொண்டதாகக் குடும்ப நினைவுகள் சொல்கின்றன. சாராவும் அதே சபையைச் சேர்ந்த ஒரு வெள்ளிப் பொருள் செய்பவரின் மகள். தங்கை மார்கரெட் மணந்தது சாராவின் சகோதரரை. அக்கா எலிசபெத்தின் கணவர் சேணம் தைப்பவர். உலகம் அறிந்த அறிவியலாளர் ஆன பின்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அமர்ந்து உண்டது இந்தக் கைவினைஞர் குடும்பங்களின் நடுவில்தான்.

1841 கோடையில் உடல்நலம் குன்றி, ஓய்வுக்காக மைக்கேல் சுவிட்சர்லாந்து சென்றிருந்தார். ஆகஸ்ட் 2 அன்று இண்டர்லாக்கனில் ஆணி செய்யும் தொழிலை நின்று பார்த்தவர், அது பார்ப்பதற்கு மிக நேர்த்தியான வேலை என்று நாட்குறிப்பில் எழுதினார். கொல்லுலையும் அதைச் சார்ந்த எதுவும் தமக்குப் பிடிக்கும், தம் தந்தை ஒரு கொல்லர் என்றும் அதன் கீழே சேர்த்தார். அன்று அவருக்கு 49 வயது, ஜேம்ஸ் இறந்த வயது.